சேம அச்சு: மலைமேல் வண்டி வைத்திருப்போர்க்குச் சில செய்திகள்

சங்க காலத்தில் உப்பு வணிகம் செய்தவர்களுக்கு உமணர் என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அவர்களுடைய வண்டி ஒன்றை நமக்குக் காட்டுகிறார். பூட்டிய எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. போகிற வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு, அங்கே என்ன நேரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார் புலவர்.

புலவர்கள் இதில் உவமைநயம் பார்ப்பார்கள். நான் வியாபாரி, எனக்குத் தெரிவது வேறு. புதிய எருது, அதிக பாரம், தெரியாத பாதை ஆகிய மூன்று ஆபத்துகளையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அச்சு முறிந்த பிறகு யோசிக்கவில்லை. இன்று நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடையில் 1904இல் அப்படியொரு சக்கரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராகி ஏலப்பாறை பஞ்சர் கடை வரைக்கும் வந்துவிட்டது. நம்மவர்கள் அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் பெருமை மட்டும் போதாது. நம் சங்க உறுப்பினர்களின் கார்களில் எத்தனை ஸ்டெப்னியில் இன்று காற்று இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

நிற்க. கார் ஓட்டுவதைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் புத்தகங்கள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் சமவெளிக்காரர்களுக்கு எழுதியவை. சமவெளிக்காரர் மலைக்கு வரும்போது முதலில் ஏறுகிறார், பிறகு இறங்குகிறார். ஏறும்போதே வண்டியில் ஏதாவது கோளாறு இருந்தால் எஞ்சின் சூடாகியோ இழுக்காமலோ காட்டிக் கொடுத்துவிடும். நம் நிலை தலைகீழ். நாம் மலைமேல் குடியிருக்கிறோம். கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு நோயாளியைக் கொண்டுபோனாலும், கம்பம் தேனிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனாலும், நமக்குப் பயணத்தின் முதல் பாதியே இறக்கம். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்து, அரைமணி நேரத்தில் பெரிய இறக்கத்தின் வாயில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். எஞ்சின் கோளாறு ஆளை வழியில் நிறுத்தும், அவ்வளவுதான். பிரேக் கோளாறு நிற்கவிடாது. ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இறக்கத்தைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும்தான்.

நம் பாதைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மேற்கே போனால் குட்டிக்கானம். அங்கிருந்து வளஞ்சாங்கானம் அருவி, புல்லுப்பாறை, பெருவந்தானம் வழியாக முண்டக்கயம் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183, ஒரே இறக்கம். குட்டிக்கானம் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். முண்டக்கயம் நூறு மீட்டருக்கும் கீழே. சுமார் இருபது கிலோமீட்டரில் அவ்வளவு உயரத்தையும் நாம் விட்டு இறங்குகிறோம். கிழக்கே போனால் வண்டிப்பெரியாறு, குமுளி. அங்கிருந்து லோயர் கேம்புக்கு மலைச்சாலை. உயரம் ஏறக்குறைய பாதிதான், ஆனால் வளைவுகள் நெருக்கம். இரண்டு பக்கமும் நாம் மறக்கக்கூடாத நாட்கள் உண்டு. 2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலை தரிசனம் முடித்து ஆண்டிபட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்களின் அருகே பள்ளத்தில் விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். வீடு இன்னும் இரண்டு மணி நேரத் தூரம்கூட இல்லை. 2025 ஜனவரி 6 அன்று விடியற்காலை, தஞ்சாவூர் சுற்றுலா முடித்து மாவேலிக்கரை திரும்பிய பேருந்து புல்லுப்பாறை அருகே கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். எந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. இரண்டும் இறக்கத்தில், இரண்டும் வீடு திரும்பும் வழியில், இரண்டும் வெளிச்சம் சரியில்லாத நேரத்தில் நடந்தவை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. ஆட்களும் சாமானும் சேர்த்து ஒரு காரின் எடை 1300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. மேலே இருக்கும்போது அந்த எடைக்குள் அடங்கியிருந்த ஆற்றல் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரேக் என்பது அந்த ஆற்றலைச் சூடாக மாற்றுகிற கருவி, வேறொன்றும் இல்லை. அந்தச் சூடு முழுவதையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கிட்டத்தட்ட மூன்று பெரிய குடம். கல்யாண வீட்டில் மூன்று குடம் தண்ணீர் கொதிக்க எவ்வளவு விறகு எரிக்கிறோம்? அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரத்தின் உள்ளே, உள்ளங்கை அகலமுள்ள சில தகடுகளில் இறக்கிவைக்கிறோம். குட்டிக்கானத்தில் காலை பிரேக்கில் வைத்தவர் முண்டக்கயத்தில்தான் எடுக்கிறார் என்றால் இதுதான் நடக்கிறது.

சூடு ஏறினால் என்ன ஆகும்? டிரம் பிரேக்கில், சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிக்கும் தன்மையே குறையும். டிஸ்க் பிரேக்கில் சூடு எளிதில் வெளியேறும் என்றாலும், அளவு மீறினால் பேடும் வழுக்கத் தொடங்கும். கால் அழுந்துகிறது, வண்டி நிற்கவில்லை. இது ஒரு வகை. இரண்டாவது வகை இன்னும் மோசம். காலால் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது பெயருக்குத்தான் ஆயில். உண்மையில் எண்ணெய் அல்ல, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு திரவம். டாட் 3 என்று அச்சிட்டிருக்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது அளவு. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவே 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230, ஈரமேறினால் 155. மழைக்காலமெல்லாம் துவைத்த வேட்டி நாலு நாள் காயாத ஊர் நம்முடையது. இங்கே பிரேக் ஆயில் ஈரம் குடிக்காமல் என்ன செய்யும்? அந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கிற அழுத்தம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் பழையபடி சரியாக இருக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால், "ஒண்ணும் குறை இல்லீங்களே" என்பார். அவர் சொல்வதும் பொய்யல்ல.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் காலால் படித்தேன். 1990களின் நடுவில் ஒரு தை மாதம், கோட்டயத்துக்குச் சரக்கு விஷயமாகப் போகும்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் வைத்த பழைய கார். அந்தக் காலத்தில் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது என் போன்றவர்களின் வேதவாக்கு. எத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்குக்கூட வைத்திருந்தேன். பாதி இறக்கத்தில் ரப்பர் கருகினாற்போல ஒரு வாடை வந்தது. முன்னே போகிற லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் கல் போல இருந்தது, வண்டி மட்டும் வேகம் குறையவில்லை. கியரில் போடப் பார்த்தால் விழ மாட்டேன் என்று கரகரத்தது. கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே மலைப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கினேன். மண்மேட்டில் உரசிக்கொண்டு நின்றது. ஒரு பக்கக் கதவு போயிற்று, பெரியவனுக்கு நெற்றியில் தையல். அதோடு போயிற்று. இறங்கிப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் பத்தடியில் பள்ளம். வண்டியைப் பதினைந்து நாளுக்கு முன்புதான் ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்திருந்தேன். அவர்கள் மேல் குறை சொல்ல நான் நிறைய முயற்சி செய்தேன். உண்மை என்னவென்றால் தவறு முழுவதும் என்னுடையது. நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் அந்த வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கதவுக் கைப்பிடி விலைகூட வராது.

நியூட்ரல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் நம் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். இப்போதைய கார்களில் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர்தான். கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்று அறிந்து அது எரிபொருளை அடைத்துவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவு. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்து இறங்குகிறவர்களும் உண்டு. அணைந்த எஞ்சினில் பிரேக்குக்குத் துணை நிற்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவாது, பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எப்படி இறங்குவது? பழைய லாரி டிரைவர்கள் சொல்லிவைத்த வழி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரில் இறங்கு. குட்டிக்கானம் ஏற்றத்தில் உங்கள் வண்டி இரண்டாவது கியர் கேட்கும் இடத்தில், இறங்கும்போதும் இரண்டாவதுதான். கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு மாற்றப் பார்த்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும். எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சத்தம். முன்பு நாம் கணக்கிட்ட மூன்று குடம் சூட்டில் பெரும்பங்கை எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் அதற்குத்தானே இருக்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒருமுறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே போவதுதான் தவறு. இடையிடையே விடும்போதுதான் தகடு ஆறுகிறது.

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருப்பவர்கள், கியர் தண்டில் எல் என்றோ 2 என்றோ எம் என்றோ இருக்கிற இடம் எதற்கென்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டியில் போட்டு இறங்கினால் பல வண்டிகள் தாமாகவே மேல் கியருக்குப் போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு, வேகம் இறங்கிவிட்டால் கிளட்சே விட்டுவிடும். ஆகவே அதில் இரண்டு பேரும் சாமானுமாக நீண்ட இறக்கம் இறங்குகிறவர்கள் வழியில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் போகணும். மின்சாரக் கார் இப்போது நம் பக்கமும் வரத் தொடங்கிவிட்டது. அது இறக்கத்தில் மோட்டாரையே டைனமோவாக்கி வேகத்தைப் பிடித்து, கிடைக்கும் மின்சாரத்தை பேட்டரியில் சேர்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் சேர்க்க இடமில்லை, அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். சமவெளிக்காரர் இரவில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுப் புறப்படுவார். மலைமேல் இருக்கிறவர் மறுநாள் இறங்கப் போகிறாரென்றால் எண்பது தொண்ணூறில் நிறுத்திக்கொள்வது நல்லது. மிச்சத்தை மலையே நிரப்பித் தரும்.

கருகும் வாடை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். ஆற்றுகிறேன் என்று தண்ணீர் ஊற்றக்கூடாது, சூடான இரும்பு விரிசல் விடும், கோணிக்கொள்ளும். வண்டியை கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓடையில் போட்டுவிட்டுப் போங்கள். லாரிக்கு வைத்த கல்லை நடுரோட்டில் விட்டுப் போவது நம் மலைச்சாலைகளில் பெரிய பாவம். இரவில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு அது எமன்.

பாவம் என்ற சொல் வந்துவிட்டதால் சமண நூலிலிருந்து ஒரு செய்தி சொல்ல அனுமதி கேட்கிறேன். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கொலைக்கு, அதாவது இம்சைக்கு, இலக்கணம் சொல்லும் இடத்தில், கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை நிபந்தனையாக வைக்கவில்லை. பிரமாதம், அதாவது அசட்டையால் ஓர் உயிருக்குக் கேடு விளைந்தால் அது இம்சை என்கிறது. "பிரமாதம்" என்றால் இன்று நாம் நன்று என்று பொருள் கொள்கிறோம், சொல்லின் விதி அப்படி ஆகிவிட்டது! வடமொழியில் அதன் பொருள் கவனக்குறைவு. கவனத்தோடு இருந்தும் நேர்ந்துவிடுவது வேறு, தேய்ந்த டயர் என்று தெரிந்தும் ஓட்டுவது வேறு என்று அந்த இலக்கணத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். துறவிகளுக்கு ஈர்யா சமிதி என்று ஒரு விரதம் உண்டு. நடக்கும்போது ஒரு நுகத்தடி நீளம் முன்னே தரையைப் பார்த்துக்கொண்டு, எறும்பையும் மிதிக்காமல் நடக்க வேண்டும். நடக்கிறவருக்கு நுகத்தடி நீளம் போதும், அடுத்த அடியில் நின்றுவிடலாம். காரில் போகிறவருக்கு எவ்வளவு?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்து மூளை சொல்லிக் கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனால், அதற்குள்ளாகவே 11 மீட்டர் போயிருப்போம். பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சமதரையில் இன்னும் 9 மீட்டர். ஆக இருபது. 60 கிலோமீட்டரில் முதல் விநாடிக்கே 17 மீட்டர், நிற்க இன்னும் 20. வேகம் ஒன்றரை மடங்குதான், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். ஈரமும் இறக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில்தான் போகணும் என்பதுதான் காருக்கு உண்டான நுகத்தடிக் கணக்கு. நம்மூரில் மலையாளத்தில் கோட என்கிறார்களே, அந்த மூடுபனி வாகமண் பாதையிலும் குட்டிக்கானத்திலும் இறங்கும்போது பதினைந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது 25க்கு மேல் போகிறவர் குருட்டாம்போக்கில் போகிறார். விளக்கைத் தாழ்த்திப் போட வேண்டும். உயர்த்திப் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணிலேயே அடிக்கும். நாலு பக்கமும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு ஓடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது நிற்கிற வண்டிக்கு உள்ள அடையாளம். ஓடுகிற வண்டியில் போட்டால் வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். ஜூன் மாதத்து மழைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன ரப்பர் இறுகிவிடும், வழுக்கும். நம்மில் பலருக்கு வண்டி வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. டயர் தேயாமல் கிழடாகிப்போவது நம்மூர் நோய். காற்று பார்ப்பது குளிர்ந்த டயரில், அதாவது புறப்படும் முன். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் குறைந்த ஓட்டம் இன்னொரு தப்புக் கணக்குக்கும் வழி வைக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று போட்டிருக்கும். "ஐயாயிரம்தானே ஓடியிருக்கு, வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஐயாயிரமும் மலையில் ஓடியது. மாதக் கணக்கைத்தான் நாம் பார்க்கணும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. மட்டம் குறைந்திருந்தால் ஒன்று கசிவு, அல்லது பேட் தேய்ந்திருக்கிறது. எது என்று பாராமல் ஊற்றுகிறவர் நோயை மறைக்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் மே மாதத்திலேயே நான்கு சக்கரத்தையும் கழற்றி லைனிங், பேட், சிலிண்டர் கசிவு பார்க்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். வைப்பர் ரப்பரை அதே சமயம் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

வியாபாரிக்குப் பேரேடு இல்லாமல் கடை நடக்குமா? வண்டிக்கும் ஒன்று வேண்டும். என் காரின் டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட சாமான், கொடுத்த பணம். மெக்கானிக் மாறினாலும் நோட்டு மாறாது. பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்த்து, இவ்வளவு தேய்ந்திருந்தது என்று அதில் எழுதுவேன். முதலில் சிரித்தார்கள். இப்போது என் நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வேலையைச் சொல்கிறார்கள்.

காலையில் புறப்படும் முன் மூன்றே நிமிஷம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பெடலை அழுத்திப் பிடித்து அரை நிமிஷம் வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அன்று பயணம் வேண்டாம். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலை விட்டு நகர்ந்ததும் பத்தடியில் ஒருமுறை பிரேக்கைச் சோதியுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் சரிவில் நிறுத்தி ஒருநாள் சோதித்து வையுங்கள். அது நமக்குச் சேம பிரேக்.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்து திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் வருவதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். நாம் மயிலிறகையா ஏற்றுகிறோம்? ஏழு பேர் வண்டியில் பதினோரு பேர், மேலே அரிசி மூட்டை. எடை கூடினால் முன்சொன்ன குடங்களின் கணக்கும் அதே விகிதத்தில் கூடும், வேறு வழியில்லை. ஏலத்தோட்ட வேலைக்குத் தேனிப் பக்கத்திலிருந்து தினமும் மெட்டு ஏறி இறங்குகிற பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். அவர்களுக்குத் தேர்வு இல்லை. நமக்கு இருக்கிறது. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்தபின் உண்ணக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அதனாலேயே எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு சேரும் பழக்கம் வந்துவிட்டது. நோன்பு அதற்காக ஏற்பட்டதல்ல, ஆனாலும் மலைச்சாலையில் அது எனக்குப் பெரிய உபகாரம். கல்யாண விருந்து முடித்து இரவு பத்து மணிக்குக் கம்பத்திலிருந்து கிளம்பி விடிவதற்குள் வந்துவிடலாம் என்கிறவர்களிடம், அங்கேயே படுத்துக் காலையில் வாருங்கள் என்பேன். தூக்கத்தை காபி தள்ளிப்போடுமே தவிர நீக்காது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் மிகும் நாட்களில் குமுளி வழியையும் கம்பம்மெட்டு வழியையும் ஒருவழியாக மாற்றிவிடுவார்கள், அதை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் எதிரே வருகிறவர் நம் வளைவுகளை முதன்முதலாகப் பார்க்கிறவர் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் நின்று வழி விட வேண்டும் என்று சாலை விதிமுறையே சொல்கிறது. ஏறுகிறவர் நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் காரணம்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் பிரேக் பிடிக்கவில்லை என்றால்? எஞ்சினை அணைக்காதீர்கள். பெடலை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள், சில சமயம் கொஞ்சம் பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல், பொத்தானை அழுத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சடாரென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். ஹாரனும் விளக்கும் விடாமல் அடியுங்கள். எதுவும் உதவாவிட்டால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைப் பக்கம் ஒதுங்கி, ஓடையிலோ மண்மேட்டிலோ சாய்வாக உரச விடுங்கள். வண்டி போனால் போகட்டும்.

வழியில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து, போலீஸ் வழக்கு நமக்கெதற்கு என்று விலகிப் போனதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு வராது, தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்சுக்கு 108, பொது அவசரத்துக்கு 112. பள்ளத்தின் ஓரத்தில் போனில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே ஒருவர் காயம்பட்டவரோடு இருக்க, இன்னொருவர் அடுத்த வண்டியை நிறுத்தி, சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் போய்ப் பேச வேண்டும். இந்த இரண்டு எண்களையும் என் நோட்டின் முதல் பக்கத்தில், பெரியவன் கையெழுத்தில், எழுதி வைத்திருக்கிறேன்.